புளியந்தோப்பில் ஓநாய்க் கதை

சென்னை புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிக்கு, அதாவது ஆடு அறுக்கும் கூடத்துக்கு, எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் அந்த ஆட்டோக்காரர். சென்ட்ரலிலிருந்து அங்கே போக 250 ரூபாய் கறந்துவிட்டார். "ரிட்டன் சவாரி கிடைக்காது சார்" என்று புலம்பல் வேறு. பகல்கொள்ளை, அதுவும் ராத்திரியில்! மின்சார ரயிலில் அடுத்த ஸ்டேஷனே பேசின் பிரிட்ஜ்தான்; 5 ரூபாய் டிக்கெட்.

கூட வந்த தோழி மானுடவியல் மாணவி. ஓநாய் திரும்பி வந்த ஊர்களில் ஜனங்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று படிக்கிறாள். ஜெர்மனியில் சுமார் 150 வருஷம் இல்லாமலே போயிருந்த ஓநாய், போலந்துப் பக்கமிருந்து தானாகவே வந்து, 2000-இல் கிழக்கு ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதியில் குட்டி போட்டதாம். அதற்குள் காவல் நாய் வளர்க்கும் பழக்கமே அங்கே விட்டுப்போயிருந்தது. அப்புறம் மின்வேலி, மானியம், ஊர்ச் சண்டை. 2024 டிசம்பரில் ஐரோப்பாவின் வனவிலங்குப் பாதுகாப்புக்கான பெர்ன் உடன்படிக்கையில் ஓநாய்க்கான பாதுகாப்பையே ஒரு படி இறக்கிவிட்டார்கள்.

லாரியிலிருந்து ஆடுகள் இறங்கிக்கொண்டிருந்தன. முதுகில் நீலச் சாயக் குறி. முரண்டு பிடித்த கிடா ஒன்றைப் பின்னங்காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார் கர்னூல் பக்கத்துப் பெரியவர். மந்தை மேய்ப்பவர். டீ வாங்கிக் கொடுத்து ஓநாயைப் பற்றிக் கேட்டாள் தோழி; தெலுங்கும் தமிழுமாகக் கொட்டித் தீர்த்தார்.

"ரெண்டு வரும்மா. ஒண்ணு நாய்க்குப் போக்கு காட்டி ஓடும். இன்னொண்ணு சத்தமில்லாம குட்டியத் தூக்கிடும்."

நஷ்டஈடு?

"ஆபீசர் வர்ற வரைக்கும் செத்த ஆட்டை அங்கயே வைன்றாங்க. அதுக்குள்ள மந்தை ரெண்டு ஊரு தாண்டிடும். யாரு காத்துக் கெடக்கறது?"

நம் நாட்டில் ஓநாயை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது அதிகபட்சப் பாதுகாப்பில் வைத்திருக்கிறோம், கொன்றால் ஜெயில். கொல்ல விட்டால் பிரச்சினை தீருமா என்று கேட்டாள் தோழி.

"அதைக் கொன்னா மேய்ச்சக்காடு திரும்பி வருமா? எல்லாம் பிளாட் போட்டாச்சு. எனக்கும் எடமில்ல, அதுக்கும் எடமில்ல."

மேலே கேட்பதற்குள் தரகர் கூப்பிட்டுவிட்டார். எனக்குக் கோபம் ஓநாய் மேலும் இல்லை, பெரியவர் மேலும் இல்லை. செத்த ஆட்டுக்குக் காவல் இருக்கச் சொல்லும் அந்த விதிமுறை மேல்தான். கிடை போட்டு ஊர் ஊராகப் போகிறவனை மனதில் வைத்தா அதை எழுதினார்கள்?

சாப்பாடு வியாசர்பாடியில். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த அத்தோ: நூடுல்ஸ், கோஸ், புளித்தண்ணி, வறுத்த வெங்காயம், எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். அமிர்தம்! கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். மிளகாய்த்தூளை மட்டும் பாதியாகப் போடச் சொல்லுங்கள்.