நடுத்தெருவை வாய்க்கால் தாண்டிப் போட்டார்கள்: வார்டு மறுவரையறைக்கு மனு கொடுத்த கதை

27 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்துவிட்டது. அன்றிலிருந்து ஊரில் யாரைப் பார்த்தாலும் "மறுபடி வார்டு பிரிப்பாங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். எப்போது பிரித்தாலும் சரி, போன தடவை நான் பட்ட பாட்டை எழுதி வைத்தால் நாலு பேருக்காவது பயன்படும்.

2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் கோர்ட்டில் நின்றுபோனது. அடுத்த வருஷம் மறுவரையறை ஆணையம் வந்தது. 2011 சென்சஸை வைத்து வார்டுகளைப் பிரித்து, 2017 டிசம்பர் கடைசியில் வரைவுப் பட்டியல் ஒட்டினார்கள். எங்கள் ஊராட்சி அலுவலகச் சுவரில் அது இருந்ததே எனக்குத் தெரியாது. போலியோ சொட்டு மருந்து நோட்டீஸ் பாதியை மறைத்திருந்தது. பென்ஷன் விஷயமாகப் போன பெரியப்பாதான் வந்து சொன்னார்: "நம்ம நடுத்தெருவ மேலத்தெருவோட சேத்துருக்கான்டா."

எங்கள் காலனியில் நடுத்தெரு, பள்ளிக்கூடத் தெரு, கோயில் தெரு என்று மூன்று தெரு, 140 வீடு. ஒரே தண்ணீர் டேங்க், ஒரே மாரியம்மன் கோயில், ஒரே சுடுகாட்டுப் பாதை. 9 வார்டு உள்ள ஊரில் எங்களுக்கு இரண்டு வார்டு தாராளமாக வரும். வரைவிலோ மூன்று தெருவையும் ஆளுக்கொரு வார்டாகப் பிய்த்து, ஒவ்வொன்றையும் ஊர்ப் பக்கத்துப் பெரிய தெருவோடு ஒட்டியிருந்தார்கள். பட்டியல் இனத்தவரின் விகிதம் அதிகமுள்ள வார்டைத்தான் தனி வார்டாக ஒதுக்குவார்கள். மூன்றாகப் பிரிந்தால் மூன்றிலும் நாங்கள் சிறுபான்மை, தனி வார்டும் கிடைக்காது. வேண்டுமென்றே செய்தார்களா என்று கேட்காதீர்கள், எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, ஆனால் அதை மனுவில் எழுதினால் வேலை நடக்காது.

அன்று ராத்திரியே மனு எழுதினேன். 'காலங்காலமாக ஒரு தாய் மக்களாக வாழ்ந்து வரும் எங்களை...' என்று ஆரம்பித்து மூன்று பக்கம். ஜனவரி 3-ஆம் தேதி ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போனேன். தபால் வாங்கும் கிளார்க் முதல் பாராவைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன தம்பி, கருணை மனு மாதிரி எழுதியிருக்கீங்க?"

அப்புறம் வரிசையாகக் குறை சொன்னார். பெறுநர் தப்பு: நான் கலெக்டருக்கு எழுதியிருந்தேன், வரைவின் அடியில் வேறு அலுவலர் பெயர் இருந்தது, அது போலியோ நோட்டீஸுக்குள் மாட்டிக்கொண்டது. எந்த வார்டு எண்ணிலிருந்து எதற்கு மாற்ற வேண்டும் என்று மனுவில் எங்கேயும் இல்லை. 92 கையெழுத்து வாங்கியிருந்தேன், ஆனால் அந்தத் தாள்களில் தலைப்பே கிடையாது. "இத நாளைக்கு எதுக்கு வேணாலும் சேத்துக்கலாமே?" என்றார். ஆத்திரம் வந்தது, ஆனால் அவர் சொன்னது நியாயம். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "இதெல்லாம் மேல முடிவு பண்ணதுதான், ஒண்ணும் மாறாது" என்று ஒரு கொசுறும் கொடுத்தார். அந்தக் கொசுறை நம்பி வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேரோ.

திரும்பி வந்து பழைய 2017 காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஊர்ப் படம் வரைந்தோம். தெரு, டேங்க், கோயில், நடுவில் வாய்க்கால். சென்சஸில் ஊர் மொத்தக் கணக்குதான் நமக்குக் கிடைக்கும், தெருவாரியாகக் கிடைக்காது. அதனால் வீட்டு வரி ரசீதுகளை வாங்கிக் கதவு எண்களை வரிசையாக எழுதினோம். மனு ஒரே பக்கமாகச் சுருங்கியது: தற்போதைய வரைவு, நாங்கள் கேட்கும் மாற்றம், காரணம். கையெழுத்துத் தாள் ஒவ்வொன்றின் தலையிலும் பொருள் எழுதினோம். 92 பேரிடமும் மறுபடி போய் நின்றதைத் தனியாக எழுதலாம். ஒரு அத்தை, "போன தடவ போட்ட கையெழுத்து என்னாச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொட்டார்.

ஜனவரி 4 சாயங்காலம் போக்குவரத்து ஊழியர்கள் ஸ்டிரைக் ஆரம்பித்துவிட்டார்கள். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் ஒரு அரசு பஸ் கிடையாது. சித்தப்பா பையனின் டிவிஎஸ் எக்ஸெல்லில் 22 கிலோமீட்டர், மடியில் காலண்டர் தாள் சுருள். அதே கிளார்க். இந்த முறை பேசாமல் வாங்கித் தட்டில் போட்டார். நான் நகரவில்லை. நகல் பிரதியில் தேதியோடு முத்திரை கேட்டேன். "மதியம் வாங்க" என்றார். மதியம் வரை அந்த வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்து வாங்கிவிட்டேன். தயவுசெய்து முத்திரை இல்லாமல் வந்துவிடாதீர்கள். இன்னொரு நகலை ஆணையத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

அந்த முத்திரைதான் காப்பாற்றியது. விசாரணைக்குப் போனால் எங்கள் மனு பட்டியலிலேயே இல்லை. நகலைக் காட்டியதும் பத்து நிமிஷம் ஃபைலைப் புரட்டினார்கள், வேறு ஊராட்சிக் கட்டுக்குள் கிடந்தது.

அதிகாரி எங்கள் பேச்சைப் பெரிதாகக் கேட்கவில்லை. பெரியப்பா கோயில் திருவிழாவைப் பற்றி ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். படத்தை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாய்க்கால் மேல் விரலை வைத்து, "பாலம் எங்க?" என்றார்.

"பள்ளிக்கூடத்துக்கிட்ட சார். 600 மீட்டர் தள்ளி."

"அப்ப நடுத்தெருக்காரங்க ஓட்டுப் போட சுத்திக்கிட்டுப் போகணுமா?"

"ஆமா சார்."

பச்சை மையில் ஓரமாக ஏதோ எழுதினார். அவ்வளவுதான். மூன்று பக்கம் உருகி எழுதியது எதுவும் உதவவில்லை, இல்லாத பாலம்தான் உதவியது.

இறுதிப் பட்டியல் வருவதற்குள் ஏறக்குறைய ஒரு வருஷம் ஓடிவிட்டது. நடுத்தெருவும் பள்ளிக்கூடத் தெருவும் சேர்ந்து ஒரு வார்டு, கோயில் தெரு பெரும்பாலும் இன்னொரு வார்டு. முதலாவது தனி வார்டாகவும் பெண்கள் வார்டாகவும் ஆனது. 2019 டிசம்பர் தேர்தலில் அந்த அத்தையின் மருமகள்தான் ஜெயித்தார்.

ஆனால் வாய்க்கால் கரையில் கோயில் தெருவின் கடைசி 11 வீடுகள் எதிர்க்கரை வார்டிலேயே நின்றுவிட்டன. தப்பு என்னுடையது: அந்த வீடுகளின் வரி ரசீது கிடைக்காததால் கதவு எண் எழுதாமல் 'மற்றும் அருகிலுள்ள வீடுகள்' என்று போட்டிருந்தேன். ஓட்டு அன்று அவர்கள் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் எங்கள் வார்டு மெம்பரிடம்தான் வந்து சொன்னார்கள், அவர் "அது என் வார்டு இல்லையே அண்ணே" என்று சங்கடப்பட்டுக்கொண்டே போன் போட்டுக்கொடுத்தார்.

அடுத்த வரைவு எப்போது ஒட்டுகிறார்களோ தெரியாது. 11 வீட்டின் வரி ரசீது நகலும் இப்போது என்னிடம் இருக்கிறது.