பேட்டரியில் கொடுத்துப் பார்க்காதீர்கள்

பழைய கார் ரேடியோவைப் பழுதுபார்க்க என்னிடம் தூக்கிக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள்: “பேட்டரியில் கொடுத்துப் பார்த்தேன், கர்ரென்று சத்தம் வந்தது, பிறகு நின்றுவிட்டது.” கேட்டதும் எனக்கு வயிறு கலங்கும். டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்ததோ இல்லையோ!

1950களின் நடுப்பகுதிவரை கார் ரேடியோ என்றால் வால்வுதான், அதாவது டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய். அதற்குச் சுமார் 200 வோல்ட் வேண்டும்; பேட்டரியில் இருப்பதோ 6 அல்லது 12. இந்தக் குறையைத் தீர்க்க வந்தது வைப்ரேட்டர் என்ற சிறு உலோகக் குப்பி. உள்ளே ஒரு எஃகு நாக்கு நொடிக்கு நூறு தடவைக்கு மேல் அதிர்ந்து, மின்சாரத்தை வெட்டி வெட்டி, வோல்ட்டை ஏற்றித் தரும் டிரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்பும். கர்ரென்றது அந்த நாக்குதான். நெடுநாள் சும்மா கிடந்தால் அதன் முனைகளில் கறுப்புப் படலம் ஏறிவிடும். குப்பியைத் திறந்து, நைசான உப்புத்தாளை முனைகளுக்கு நடுவே நுழைத்து மெல்ல இழுப்பேன். பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த காகிதம். எத்தனை அவசரப்படுத்தினாலும், டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டி, வோல்ட் துள்ளலை அடக்க இருக்கும் பஃபர் கெப்பாசிட்டரை மாற்றாமல் மின்சாரம் கொடுக்கமாட்டேன். அது ஷார்ட் ஆனால் முனைகள் ஒட்டிக்கொள்ளும், டிரான்ஸ்ஃபார்மர் புகையும்.

டிரான்சிஸ்டர் செட்டில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் கார் உடலோடு இணைந்திருக்கும். அதைக் கவனிக்காமல் மாற்றிக் கொடுத்தால் டிரான்சிஸ்டருக்கு அங்கேயே முடிவு.

வாக்குவாதம் வருவது ஸ்பீக்கரில்தான். 1960களின் டெல்கோ என்ற அமெரிக்க கார் ரேடியோ செட்டுகள் பலவும் 10 ஓம் ஸ்பீக்கரை எதிர்பார்ப்பவை. இன்று கார் ஸ்பீக்கர் என்று கேட்டால் கையில் தருவது 4 ஓம். மாட்டினால் பாடும், நன்றாகவே பாடும். ஆனால் ஓம் குறைந்தால் மின்னோட்டம் கூடும்; ஒலி கூடக் கூட அவுட்புட் டிரான்சிஸ்டர் கொதித்துக் கடைசியில் போய்விடும். அதனால் பழைய ஸ்பீக்கரையே முதலில் பார்ப்பேன். இரு கட்டைவிரல்களாலும் கோனைச் சமமாக அழுத்தும்போது உள்ளே காயில் உரசாவிட்டால் அதைக் காப்பாற்றிவிடலாம். கிழிசலுக்கு மெல்லிய டிஷ்யூ காகிதம், காய்ந்தாலும் வளையக்கூடிய பசை. அவ்வளவு போதும்.

“ப்ளூடூத் வேண்டும்” என்பவர்களோடு எனக்குப் பகை இல்லை. முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதையெல்லாம் வழித்தெறிந்துவிட்டுப் புதுப் பலகை வைப்பதைத்தான் என் மனம் ஏற்பதில்லை. பட்டனை அழுத்தியதும் ட்யூனிங் காயில்களுக்குள் இருக்கும் இரும்புக் கருக்கள் ஒன்றாக நகர்ந்து நிலையத்தில் போய் நிற்பதைப் பார்த்தவர்கள் அதைக் குப்பையில் போடத் துணியமாட்டார்கள். வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னால் ஒரு சுவிட்ச், ஒரு கெப்பாசிட்டர் சேர்த்தால் கைப்பேசியின் பாட்டும் அதே ஸ்பீக்கரில் வரும். வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். ஸ்டீரியோ மட்டும் கேட்காதீர்கள்.

காரில் பொருத்தியபின் 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மெலிதாகக் கேட்கும் நிலையத்தைப் பிடித்து, ரேடியோவை ஆன்டெனாவுக்குப் பொருத்தும் சிறு திருகான ஆன்டெனா டிரிம்மரைத் திருகிச் சரிசெய்வேன். பிறகுதான் எஞ்சினை ஓட்டச் சொல்வது. வேகத்தோடு கூடிக் குறையும் டிக்டிக் ஒலி கேட்டால் கோளாறு இக்னிஷனில். கீச்சென்ற ஊளை என்றால் டைனமோவில். இந்த இடத்தில் மெக்கானிக் என்னைக் கைகாட்டுவார், நான் பானட்டைக் கைகாட்டுவேன்.