ஓரக் குழிகளின் மஞ்சள் நிறம்

சென்ற மே மாதத்தில் ஒரு காலை, எங்கள் ஆய்வகத்தின் 96 குழித் தட்டொன்றில் வலது ஓரத்தில் இருந்த எட்டுக் குழிகளும் மஞ்சள் கிழங்கை உரைத்துக் கரைத்ததுபோல் பளிச்சென்றிருந்தன. “அக்கா, எட்டும் ஹிட்டு!” என்று, தேடியது கிடைத்துவிட்டதாகக் கூவினாள் என்னுடன் பணிபுரியும் இளைய மாணவி. எட்டும் ஒரே வரிசையில் இருந்ததுதான் எனக்கு உறுத்தியது.

நாங்கள் தேடுவது, எஸ்டர் வகைச் சேர்மம் ஒன்றின் இரண்டு வடிவங்களில் ஒன்றை மட்டும் பிளக்கும் லைப்பேஸ் என்னும் கொழுப்பைப் பிளக்கும் நொதி. வலம்புரிச் சங்கும் இடம்புரிச் சங்கும் போல, அந்த இரண்டு வடிவங்களும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். நொதி எஸ்டரைப் பிளந்தால் பாரா நைட்ரோபீனால் வெளிப்பட்டு நீர் மஞ்சளாகும். நொதியின் மரபணுவை, வேண்டுமென்றே பிழை நேரும்படி அமைத்த பி.சி.ஆர். முறையில் படியெடுத்து, ஈ. கோலி பாக்டீரியாவில் ஏற்றி, ஒரே செல்லிலிருந்து பெருகிய ஒவ்வொரு காலனிக்கும் ஒரு குழியாக வளர்த்து, சிறந்ததைப் பொறுக்கி, அதையே மறுபடியும் பிழையோடு படியெடுப்பதுதான் வழிநடத்தப்பட்ட பரிணாமம். இத்துறைக்காக பிரான்சிஸ் அர்னால்டு 2018இல் வேதியியல் நோபல் பரிசில் பாதியைப் பெற்றார். இரு வடிவங்களில் ஒன்றையே தேர்ந்து பிளக்கும் தெரிவுத்திறனை இவ்வழியில் வளர்க்க முடியும் என்று 1997இல் காட்டியது ஜெர்மனியில் மான்ஃபிரட் ரீட்ஸின் குழு. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவின் லைப்பேஸ் தொடக்கத்தில் இரு வடிவங்களையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே பிளந்தது. அதன் தெரிவு விகிதம் வெறும் 1.1. நான்கே சுற்றுகளில் அது 11.3 ஆயிற்று.

அந்த நொதியில் 285 அமினோ அமிலங்கள் உள்ளன. ஒரே ஓர் இடத்தை மாற்றினால் 5,415 வகைகள் கிடைக்கும். இரண்டு இடங்களைச் சேர்த்து மாற்றினாலோ எண்ணிக்கை 1 கோடியே 46 லட்சத்தைத் தாண்டிவிடும். எல்லாவற்றையும் பார்த்துமுடிக்க எவராலும் இயலாது என்பதால், எதை அளக்கிறோமோ அதுதான் நமக்குக் கிடைக்கும் என்பது இத்துறையில் வேதவாக்கு. நாங்கள் சறுக்கியதும் அங்கேதான். எஸ்டர் விலை அதிகம் என்று கணக்குப் பார்த்து, முதல் சல்லடைச் சோதனையில் வலம்புரி வடிவத்தை மட்டும் குழிகளில் இட்டிருந்தோம்.

இடம்புரி வடிவத்தை இட்டுப் பார்த்தபோது அதே எட்டுக் குழிகள் அதே அளவுக்கு மஞ்சளாயின. முந்தைய இரவு வளர்ப்பறையின் ஏ.சி. நின்றுபோய், சென்னை வெக்கையில் ஓரக் குழிகளின் நீர் மட்டும் கூடுதலாக வற்றியிருக்கிறது. அங்கே வளர்ப்பு சுண்டிப்போனதால், நாங்கள் பிப்பெட்டில் எடுத்த அதே கொள்ளளவில் நொதி மிகுதியாக வந்திருக்கிறது. இரு வடிவங்களையும் பிளக்கும் வேகங்களில் ஒன்றை மற்றதால் வகுத்திருந்தால் அந்த மிகுதி தானாகவே அடிபட்டுப் போயிருக்கும்.

தெரிவுத்திறன் இப்படி நழுவுவதில் வியப்பில்லை. அறை வெப்பநிலையில் 100க்கு 1 என்ற விகிதத்தை எட்ட, இரு வடிவங்களும் வினைபுரியத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடைகளுக்கிடையே மோலுக்குச் சுமார் 2.7 கிலோகலோரி வேறுபாடு போதும். அவ்வளவு நுண்ணிய வேறுபாட்டை நொதியின் கட்டமைப்பைப் பார்த்து முன்கூட்டியே கணிப்பது கடினம். ரீட்ஸின் லைப்பேஸில் பயன் தந்த மாற்றங்களில் பெரும்பாலானவை வினை நடக்கும் மையத்திலிருந்து தொலைவிலேயே இருந்தன. எல்லா நொதிகளுக்கும் சிக்கல் இதுவன்று. சிட்டாகிளிப்டின் என்னும் சர்க்கரை நோய் மருந்துக்காக 2010இல் வெளியான ஆய்வில், டிரான்ஸ்அமினேஸ் நொதி தொடக்கத்தில் அந்த மூலக்கூறைத் தொடவே இல்லை. அங்கே போராட்டம் முழுவதும் செயல்திறனுக்கானது, இறுதியில் ஒளியியல் தூய்மையோ, அதாவது ஒரு வடிவம் மற்றதைவிட மிஞ்சியிருக்கும் அளவோ, 99.95 சதவீதம்.

அன்று மாலை ஒரே தட்டை இரண்டாகப் படியெடுத்து, குழிக்குக் குழி விகிதம் போட்டோம். ஓர எட்டும் மூல நொதியின் 1.3ஐத் தாண்டவில்லை. நடுவில் டி7 என்ற குழி, பழைய மோர்போல் மங்கலாக இருந்ததால் நாங்கள் ஒதுக்கிவைத்தது, 4 காட்டியது. தனித்தனிக் குழிகளில் அளக்கும்போது இரு வடிவங்களும் நொதிக்காகப் போட்டியிடுவதில்லையாதலால் அந்த எண்ணை அப்படியே நம்பாமல், இரு வடிவங்களின் கலவையை இட்டு, அவற்றைப் பிரித்துக்காட்டும் கைரல் பத்தி என்னும் குழாயில் ஓட்டினோம். 3 வந்தது. அடுத்த சுற்றுக்கு அதுவே தாய் நொதி. ஓரக் குழிகளில் இப்போது பாக்டீரியா இல்லாத வெறும் வளர்ப்பு ஊடகம் மட்டும் ஊற்றுகிறோம்.