இடது கால் 34.6, வலது கால் 30.9

பாலக்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது இடது பாதம் லேசாகப் பிசகியது. வலி என்று சொல்ல ஒன்றுமில்லை. கடைக்குப் போய், ஜெராக்ஸ் மெஷின் முன்னால் வழக்கம்போல நாள் முழுக்க நின்றேன். ராத்திரி செருப்பைக் கழற்றினால் புறங்காலில் வார் பதிந்த இடம் மட்டும் பள்ளம், சுற்றிலும் புசுபுசுவென்று வீக்கம்.

ஊர் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு சுளுக்கு என்றார். கிரேப் பேண்டேஜ். பத்து நாள் கழித்து இன்னொருவர் பாதம் சிவந்திருப்பதைப் பார்த்துக் கிருமி என்று ஆன்டிபயாட்டிக் எழுதினார். மைத்துனர் நாட்டு வைத்தியரிடம் கூட்டிப்போய் எண்ணெய்க் கட்டும் போட வைத்தார். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "வலிக்குதா?" நானும் பெருமையாக, "வலியே இல்லீங்க" என்றேன். எனக்குச் சர்க்கரை வந்து பதினாறு வருஷம் என்பதை யாரும் அந்தப் பதிலோடு சேர்த்துப் பார்க்கவில்லை. நானும்தான்.

ஐந்தாவது வாரம் திருச்சியில் பாத நோய்க்கென்றே இருக்கிற ஒரு கிளினிக்குக்குப் போனோம். அந்த டாக்டரம்மா முதலில் புறங்கையால் இரண்டு பாதத்தையும் மாறி மாறித் தொட்டார். பிறகு தோல் வெப்பம் பார்க்கும் கருவி: இடது 34.6 டிகிரி, வலது 30.9. என்னைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கித் தலையணை மேல் வைத்தார். பத்து நிமிஷத்தில் சிவப்பு வடிந்துவிட்டது. கிருமித் தொற்றாக இருந்தால் இப்படிச் சட்டென்று வடியாதாம். காய்ச்சலும் இல்லை, பாதத்தில் புண்ணும் இல்லை.

அடுத்து ஒரு நைலான் நரம்பை எடுத்தார். பாதத்தில் வைத்து அழுத்தினால் 10 கிராம் அழுத்தத்தில் வளையும். "கண்ணை மூடிக்குங்க, தொடறது தெரிஞ்சா சொல்லுங்க." மூடிக்கொண்டு காத்திருந்தேன். காத்திருந்தேன். "எப்ப ஆரம்பிப்பீங்க மேடம்?" என்றேன். பக்கத்தில் நின்ற என் மனைவி அழுதுகொண்டிருந்தாள். ஒரு கால் முழுக்க முடித்துவிட்டிருந்தார்.

நோயின் பெயர் சார்கோ ஃபுட். நரம்பு மரத்துப்போன பாதத்தில் சின்ன அடி பட்டாலும் தெரியாது. அதன் மேலேயே நடந்துகொண்டிருப்போம். உள்ளே அழற்சி கிளம்பி எலும்பை இளக்கிவிடும். எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். எனக்கு எம்.ஆர்.ஐ.யில்தான் நடுப்பாத எலும்புகள் நீர் கோத்திருப்பது தெரிந்தது. அப்படியே விட்டால் எலும்புகள் நொறுங்கி, பாத வளைவு இறங்கி, உள்ளங்கால் தோணியின் அடிப்பக்கம் மாதிரி புடைத்துவிடும். புடைத்த இடத்தில் புண் வரும். அப்புறம் காலை எடுக்கிற பேச்சு.

மருந்து மாத்திரை எதுவும் பெரிதாக இல்லை. கட்டுதான் வைத்தியம். முழங்காலுக்குக் கீழிருந்து விரல் வரை, காலோடு ஒட்டி அச்சு வார்த்த மாதிரி ஒரு மாவுக்கட்டு. உடம்புப் பாரம் ஒரே இடத்தில் இறங்காமல் பாதம், கணுக்கால், கெண்டைக்கால் எல்லாவற்றுக்கும் பிரிந்துபோகும். வீக்கம் வற்றினால் கட்டு தளர்ந்து உள்ளே உரசும், உரசினாலும் எனக்குத் தெரியாது. அதனால் நாலாம் நாளே முதல் கட்டைப் பிரித்து மாற்றினார்கள். பிறகு வாரத்துக்கு ஒன்று, இரண்டு வாரத்துக்கு ஒன்று. கட்டால் இடது கால் உயர்ந்துவிட்டதால், இடுப்பு கோணாமலிருக்க வலது செருப்புக்கு அடிப்பாகம் ஒட்டிக்கொடுத்தார்கள். தொட்டால் தெரியாத காலில் அரிப்பு மட்டும் எப்படித்தான் தெரிகிறதோ!

பத்தொன்பது வாரம். ஒவ்வொரு முறை கட்டுப் பிரிக்கும்போதும் வெப்பம் பார்த்துக் குறித்தார்கள். இரண்டு காலுக்கும் வித்தியாசம் 2 டிகிரிக்குள் வந்து அப்படியே நின்ற பிறகுதான் கட்டை எடுத்தார்கள்.

இப்போது காலில் எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பு. மெத்தென்ற ரப்பர், பின்னால் வார், ஆணி கிடையாது. இதன் பூர்வீகம் வேலூர்ப் பக்கம். 1946-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் நோயால் அழுகவில்லை, வலி தெரியாததால்தான் புண்ணாகிறது என்று கண்டுகொண்டவர். அவர்களுக்காக வந்த ரப்பர் செருப்பு இன்று சர்க்கரைக்காரர்கள் காலில். கடைக்கு வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். அவருக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு ரூபாய் கூடவே வாங்கினேன்.

வெறுங்காலோடு நடக்கக்கூடாது, வீட்டுக்குள்ளும். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் மனைவியும் மகளும் உள்ளே போகிறார்கள். நான் கோபுர நிழலில் உட்கார்ந்து அவர்கள் செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் முன்பின் தெரியாத ஒரு குடும்பமும் ஐந்து ஜோடியை என் பக்கத்தில் விட்டுவிட்டுப் போனது.