பத்தொன்பதா, பத்தொன்பதாவதா?

ஈப்போவில் கணினி படிக்கும் சித்தி மகன், லினக்ஸின் உட்கருவான கெர்னலில், டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டத்தைப் பிரதி எடுத்து நோண்டிக்கொண்டிருக்கிறான். விடுமுறைக்கு சுங்கை சிப்புட் வந்தவன் லேப்டாப்பைத் திறந்து, "ரூட்டா இருந்தும் இந்த ஃபைலை அழிக்க முடியலண்ணே" என்றான். ரூட் என்றால் எல்லா அதிகாரமும் உள்ள பயனர். ஃபைலின் கொடிகளை, அதாவது அதன் தன்மையைச் சொல்லும் ஆன்-ஆஃப் குறிகளைக் காட்டும் எல்எஸ்ஆட்டர் கட்டளை போட்டுப் பார்த்தால் எஸ், யூ, ஐ என்று மூன்று நிற்கின்றன. அவன் ஏற்ற நினைத்ததோ, ஃபைலின் தரவை டிஸ்க்கில் தொடர்ச்சியான துண்டுகளாகக் குறித்து வைப்பதைச் சொல்லும் எக்ஸ்டென்ட்ஸ் கொடி ஒன்றைத்தான்.

எக்ஸ்ட்4-இல் ஒவ்வொரு கொடிக்கும் இரண்டு பெயர். ஒன்று பிட் எண், எக்ஸ்டென்ட்ஸுக்கு 19. மற்றது மதிப்பு, 2-இன் 19ஆம் அடுக்கு, அதாவது 524,288. தம்பி, மதிப்பு போட வேண்டிய இடத்தில் எண்ணைப் போட்டு ஆர் செய்திருந்தான், அதாவது அதிலுள்ள பிட்களையெல்லாம் ஏற்றிவிட்டான். 19 என்பது 16 + 2 + 1, ஆக மூன்று கொடிகள். அந்த 16தான் 'இந்த ஃபைலைத் தொடாதே' என்கிற கொடி. கொடிகளை மாற்றும் சாட்டர் கட்டளை போட்டு அதை இறக்கும்வரை ரூட்டின் பாட்டன் வந்தாலும் அழிக்க முடியாது.

அப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவராக இருந்தவர். செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் 19ஆம் தேதிக் கட்டத்தில் ஒரு கோடு இழுப்பது வேறு, ஆள் பெயருக்கு நேரே 19 என்று எழுதுவது வேறு. இப்படிச் சொன்னதும் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது.

மாற்றித் தவறினால் இன்னும் மோசம். ஒரு பிட்டை ஏற்றும் செட்பிட் ஃபங்ஷன் கேட்பது எண்ணை. அதனிடம் மதிப்பைக் கொடுத்தால் 524,288ஆவது பிட்டைத் தேடி 65,536 பைட் தள்ளிப் போய், யாருடைய நினைவகத்திலோ ஒரு பிட்டை ஏற்றிவிட்டு வரும். கம்பைலர் வாயே திறக்காது, அதற்கு இரண்டும் வெறும் முழு எண்தானே. அப்புறம் எப்போதோ, சம்பந்தமே இல்லாத இடத்தில் கெர்னல் விழும். அந்தப் பிட் வேறு எதற்கோ முறையாக ஒதுக்கிய பகுதிக்குள் விழுந்திருந்தால், நினைவக மீறலைப் பிடிக்கிற காசான் என்ற கருவியும் சும்மா இருந்துவிடும்.

எக்ஸ்ட்4 எழுதியவர்களுக்கு இந்தக் குழப்பம் தெரியாமல் இல்லை. எண்ணும் மதிப்பும் ஒத்துப்போகின்றனவா என்று கம்பைல் ஆகும்போதே சோதிக்கும் மேக்ரோ வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அது கொடிகளின் பட்டியலைத்தான் சரிபார்க்கும், எவன் எங்கே எதைப் போட்டான் என்று பார்க்காது.

அதற்கு, நிரலை ஓட்டாமலேயே படித்துத் தவறு சொல்லும் ஸ்பார்ஸ் கருவி இருக்கிறது, 2003இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. கொடிகளுக்குத் தனி டைப் (தரவு வகை) வைத்து, இதை வெறும் எண்ணோடு கலக்காதே என்று ஸ்பார்ஸுக்குச் சொல்லும் பிட்வைஸ் முத்திரை அதற்குக் குத்திவிட்டால், வெறும் எண்ணை அதில் கலந்தாலும், அதை வெறும் எண் கேட்கும் ஃபங்ஷனிடம் நீட்டினாலும் எச்சரிக்கை வரும். கெர்னலைக் கம்பைல் செய்யும் மேக் கட்டளையோடு சி=2 சேர்த்தால் போதும், ஸ்பார்ஸ் ஓடும். ஓடும் கெர்னலுக்கு இதனால் ஒரு செலவும் கிடையாது. ஃபோர்ஸ் என்று எழுதி எச்சரிக்கையின் வாயை அடைக்கவும் வழியுண்டு. டிஸ்க்கிலிருந்து படித்து எழுதும் ஓரிரு இடங்களில் அது தேவைதான், வேறு எங்கே கண்டாலும் நான் பேட்சை, அதாவது அனுப்பிய நிரல் மாற்றத்தை, திருப்பி அனுப்பிவிடுவேன்.