ஏழெட்டுக் குடம் தண்ணீர்

அப்பா தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து அமெரிக்காவின் டென்வருக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கோயில், அருங்காட்சியகம், கடைகள் என்று ஊர் சுற்றிக் காட்டியாயிற்று. எதற்கும் அவர் முகம் மலரவில்லை. "இத்தனை பெரிய ஊரில் ஒரு வயல்கூடக் கண்ணில் படவில்லையே தம்பி" என்பதுதான் அவர் குறை. ஆறு வருடமாக இங்கே இருக்கும் எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. வேலை, வீட்டுக்கடன், பனி தள்ளுவது என்றே நாள் போய்விடுகிறது.

ஆகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் ஒரு டிரக் கேம்பரை வாடகைக்கு எடுத்தேன். பிளாக் கேன்யன் ஆஃப் தி கன்னிசன் தேசியப் பூங்காவில் இரண்டு இரவு தங்குவதாகத் திட்டம். டிரக் கேம்பர் என்பது பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் ஏற்றி வைத்த குட்டி வீடு. ஓட்டுநர் தலைக்கு மேலே நீண்டிருக்கும் பரணில் இருவர் படுக்கலாம். சாப்பாட்டு மேசையைத் தாழ்த்தி மெத்தை போட்டால் இன்னும் இருவர். அடுப்பு, குளிர்பெட்டி, நின்றால் முழங்கை இடிக்கும் அளவில் ஒரு குளியலறை எல்லாம் உண்டு. பாரம் பின் அச்சுக்கு முன்னால் விழ வேண்டும், இல்லாவிட்டால் முன்சக்கரத்துக்குப் பிடிப்பு குறையும் என்று வாடகைக்குக் கொடுத்தவர் கால் மணி நேரம் விளக்கினார். நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அப்பா, "முன்பாரம், பின்பாரம் பற்றித்தானே சொல்கிறார்? மாட்டுவண்டி ஓட்டியவனுக்கா தெரியாது?" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டார்.

285 சாலையில் தெற்கே போய், 50-இல் மேற்கே திரும்பி, 11,312 அடி உயர மானார்க் கணவாயைக் கடந்தோம். அங்கே விழும் மழை கிழக்குப் பக்கம் வழிந்தால் அட்லாண்டிக் பெருங்கடலுக்கு, மேற்கே வழிந்தால் பசிபிக் பக்கம். "நம் மேற்குத் தொடர்ச்சி மலை மாதிரியேதான்" என்றார் அப்பா. அன்று அவர் தானாகத் தொடங்கிய முதல் பேச்சு அது.

பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பு முகாமுக்குப் போய்ச் சேரும்போது மாலை ஆகிவிட்டது. ஆளுயர ஓக் புதர்களுக்கு நடுவே எங்கள் இடம். வண்டியைச் சமதளமாக நிறுத்துவதற்கு நான் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், மகள் நிதானமாகக் குளித்துவிட்டாள். தலைக்கும் சேர்த்து. உள்ளே வந்து தண்ணீர்த் தொட்டியின் அளவைப் பார்த்தால் பாதிக்கும் கீழே.

எனக்கு வந்த கோபத்தில் அவள் அழுதேவிட்டாள். பூங்காவில் தண்ணீரைப் பிடித்து நிரப்பவும் வழியில்லை. அந்த விளிம்புக்குத் தண்ணீர் லாரியில்தான் வருகிறது. குடிக்கப் பிடித்துக்கொள்ளலாம், கேம்பர் தொட்டியை நிரப்பக் கூடாது.

"மொத்தம் எத்தனை குடம் பிடிக்கும்?" என்றார் அப்பா.

30 காலன் தொட்டி. மனதுக்குள் லிட்டராக்கி, "ஏழெட்டுக் குடம் வரும்பா" என்றேன்.

"மூன்று குடம் மிச்சம் இருக்கிறது. நாலு பேர், இரண்டு நாள். தாராளம். பிள்ளையைத் திட்டாதே."

அதற்குப் பிறகு தண்ணீர் நிர்வாகம் அவர் கைக்குப் போனது. குழாயைத் திறக்க அனுமதி இல்லை. தட்டுகளை முதலில் காகிதத்தால் துடைத்து, ஒரு சொம்புத் தண்ணீரை மூன்றாகப் பிரித்து, முதல் தட்டை அலசிய நீரை இரண்டாவது தட்டுக்கு ஊற்றி, கடைசியில் எஞ்சிய கலங்கலில் கரண்டிகளைப் போட்டு எடுத்தார். மகள் பக்கத்தில் நின்று வித்தை பார்ப்பது போலப் பார்த்தாள். "மாமா, நீங்கள் கையை எடுங்கள், நான் கழுவுகிறேன்" என்று என் மனைவி இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, குக்கரில் அரிசியை ஏற்றப் போய்விட்டாள். (8,000 அடி உயரத்தில் திறந்த பாத்திரத்தில் சோறு வைப்பவர்களுக்கு நறுக்கரிசிதான் கிடைக்கும். குக்கரை மறக்காதீர்கள்.)

மறுநாள் காலையில் பள்ளத்தாக்கு. புகைப்படத்தில் பார்த்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. விளிம்பில் போட்ட கம்பியைப் பிடித்துக் குனிந்தால், 2,000 அடிக்குக் கீழே ஆறு ஒரு வெள்ளை நூலாகத் தெரிகிறது. ஆனால் அதன் இரைச்சல் மேலே வரை வருகிறது. எதிரே பெயின்டட் வால், 2,250 அடி, கொலராடோவின் மிக உயரமான செங்குத்துப் பாறை. கருத்த பாறை நெடுக இளஞ்சிவப்புக் கோடுகள், யாரோ சுண்ணாம்பைக் கரைத்து வீசியது போல. ஏறக்குறைய 170 கோடி வருடப் பழைய பாறை. அதன் வெடிப்புகளில் உருகிய குழம்பு புகுந்து உறைந்ததுதான் அந்தக் கோடுகள். குறுகலான சில இடங்களில் ஒரு நாளைக்கு 33 நிமிடம்தான் வெயில் எட்டுமாம். அதனால்தான் 'பிளாக் கேன்யன்', கரும் பள்ளத்தாக்கு.

அப்பாவுக்குப் பாறையில் மனம் ஒட்டவில்லை. "இவ்வளவு தண்ணீர் கீழே ஓடுகிறது, மேலே லாரியில் வருகிறது. இதை யாரும் எடுத்துப் பாய்ச்சவில்லையா?" என்றார்.

பாய்ச்சியிருக்கிறார்கள். பூங்கா மையத்தில் அந்தக் கதை கிடைத்தது. மலைக்கு அந்தப் பக்கம் அன்கம்பாக்ரே பள்ளத்தாக்கு வறண்ட பூமி. 1901-இல் ஃபெல்லோஸ், டாரன்ஸ் என்ற இருவர் ஒரு ரப்பர் மெத்தையை மிதவையாக வைத்துக்கொண்டு இந்தப் பள்ளத்துக்குள் இறங்கி, சுரங்கம் தோண்ட வழி பார்த்தார்கள். 1905-இல் வேலை தொடங்கியது. மலையைக் குடைந்து 5.8 மைல். 1909 செப்டம்பரில் ஜனாதிபதி டாஃப்ட் வந்து திறந்துவைத்தார்.

நான் சொல்லச் சொல்ல அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. கம்பத்துக்காரரிடம் மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டு வந்த கதையைச் சொன்னால் வேறென்ன நடக்கும்? 1895-இல் முடிந்த பெரியாறு அணையும், மேற்கே ஓடிய தண்ணீரைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பிய பென்னிகுயிக்கும்தான் எங்கள் வயலுக்கு இரண்டு போகம் தந்தது. ஆண்டுதோறும் ஜனவரி 15 அன்று அவருக்குப் பொங்கல் வைக்கும் ஊர்க்காரர் இவர்.

"அந்தச் சுரங்க வாயைப் பார்க்க வேண்டும்" என்றார்.

அங்கேதான் சிக்கல். சுரங்க வாய்க்கு இறங்கும் ஈஸ்ட் போர்ட்டல் சாலை 16 சதவீதச் சரிவு. 22 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிக்கு அனுமதி இல்லை. எங்கள் வண்டி, பின்னால் துருத்திய கேம்பரோடு சேர்த்து, 23 அடி. ஒரே ஒரு அடி. அப்பா சுற்றி வந்து பின்கதவைத் தட்டிப் பார்த்தார், கழற்றி வைத்துவிட முடியுமா என்பது போல. முடியாது.

ஞாயிறு காலையில் மாண்ட்ரோஸ் பக்கம் இறங்கினோம். மலையடிவாரம் முழுக்கச் சோளக்கொல்லை, வைக்கோல் கட்டுகள், பச்சை. சாலையோரம் ஒலேத்தே இனிப்புச் சோளம் விற்றுக்கொண்டிருந்தவரிடம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். சுரங்கத்திலிருந்துதான் என்று கிழக்கே கை காட்டினார்.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்கால் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முழங்கை வரை நனைத்தார். "ஐஸ் மாதிரி இருக்கிறது" என்று பேத்தி முகத்தில் தெளித்தார். பிறகு மதகின் இரும்புச் சக்கரத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "முறை வைத்துத்தான் விடுவார்கள். நீர்பாய்ச்சி யார்?" என்று கேட்டார்.

எனக்கு என்ன தெரியும்? விழித்தேன். வாய்க்கால் கரையோடு ஒரு பழைய பிக்கப் மெதுவாக வந்து எங்கள் அருகே நின்றது. தொப்பி போட்ட ஒருவர் இறங்கி, ஏதோ குறிப்பேட்டைப் பார்த்து, சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"இவர்தான்" என்று எழுந்த அப்பா, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவரை நோக்கி நடந்தார். "வாடா குட்டி, தாத்தா கேட்பதை அவரிடம் சொல்" என்று மகளையும் கூட்டிக்கொண்டு போனார். அவள் 'முறை' என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று திரும்பி என்னைப் பார்த்தாள்.