எல்லாத்துக்கும் அஞ்சு

என் முனைவர் பட்ட ஆய்வின் முதல் கேள்வித்தாளை நிரப்பித் தந்தவர் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை உரிமையாளர். நான் போனது 2013 ஆகஸ்ட் மாதம். கேள்வித்தாளில் 64 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 'சுற்றுச்சூழலைக் காப்பதில் எங்கள் நிறுவனத்துக்கு அக்கறை உண்டு' என்பது முதல் கேள்வி. 1 போட்டால் துளியும் ஒப்பவில்லை, 5 போட்டால் முழுக்க ஒப்புகிறேன். முதல் பக்கத்தைப் பொறுமையாகப் படித்தார். இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "எல்லாத்துக்கும் அஞ்சே போட்டுக்கங்க அம்மிணி. டீ சாப்பிடறீங்களா?" என்றார்.

டீ சாப்பிட்டேன். அஞ்சும் போட்டுக்கொண்டேன். இதைச் சொல்ல இன்றைக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நான் இப்போது ஒரு மேலாண்மைக் கல்லூரியில் ஆசிரியை. என்ன பாடம் என்று யாராவது கேட்டால், "கம்பெனிகள் ஒழுங்காக நடந்துகொள்கின்றனவா என்று ஆராய்வது" என்பேன். "சி.எஸ்.ஆரா மேடம்? பள்ளிக்கூடத்துக்குக் கக்கூஸ் கட்டித் தருவாங்களே" என்பார்கள். அதுவும் உண்டு, கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு என்ற பெயரில். 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு வந்த பிறகு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்பனையோ சொத்தோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆனால் அந்த 2 சதவீதத்தை எப்படிச் செலவழித்தார்கள் என்பதைவிட, மீதி 98 எப்படி வந்தது என்பதுதான் எங்கள் துறையின் உண்மையான கேள்வி. குறைந்தபட்சம் இந்தத் துறைக்கு வரும்போது நான் அப்படித்தான் நம்பினேன்.

துறையின் ஆதிச் சண்டை ஒன்று உண்டு. தொழிலுக்கு இருக்கும் ஒரே சமூகப் பொறுப்பு, விதிகளுக்கு உட்பட்டு லாபத்தைப் பெருக்குவதுதான் என்று 1970இல் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் எழுதினார். நிறுவனத்தால் பாதிக்கப்படுகிற, நிறுவனத்தைப் பாதிக்கக்கூடிய எல்லோரும் கணக்கில் வரவேண்டும் என்று 1984இல் எட்வர்ட் ஃப்ரீமன் வாதிட்டார். ஃப்ரீமன் தத்துவம் படித்துவிட்டு மேலாண்மைக்கு வந்தவர். ஆங்கிலத்தில் ஷேர்ஹோல்டர் (பங்கு வைத்திருப்பவர்), ஸ்டேக்ஹோல்டர் (ஃப்ரீமன் சொன்ன அந்த எல்லோரும்) என்று ஒலியிலேயே உரசிக்கொள்ளும் இரண்டு சொற்களில் அந்தச் சண்டை முழுவதும் அடங்கிவிடும். நான் கேள்வித்தாளைத் தமிழில் பெயர்த்தபோது, அரசு அறிக்கைகளிலும் தொண்டு நிறுவனங்களின் துண்டறிக்கைகளிலும் இருந்தபடியே ஸ்டேக்ஹோல்டருக்குப் 'பங்குதாரர்' என்று போட்டிருந்தேன். 'முடிவெடுக்கும்போது எல்லாப் பங்குதாரர்களின் நலனையும் கருதுகிறோம்.' மூன்றாவதாகச் சந்தித்த உரிமையாளர் இதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "பங்குதாரர் நானும் எம் மச்சானுந்தானுங்க. ஆளுக்குப் பாதி. அவர் நலனைக் கருதாம வூட்டுக்குப் போக முடியுங்களா?"

நாற்பது ஆண்டுக்கு மேலான சண்டையின் இரண்டு தரப்பையும் ஒரே தமிழ்ச் சொல்லில் போட்டு மூடியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்றிரவு விடுதி அறையில் உட்கார்ந்து மாற்றுச் சொல் தேடினேன். 'அக்கறையுடையோர்' எழுதினேன், அடித்தேன். 'பாதிக்கப்படுவோர்' எழுதினேன், அதையும் அடித்தேன். கடைசியில் 'தொழிலாளர், வாடிக்கையாளர், அக்கம்பக்கத்தார்' என்று விரித்து எழுதினேன். ஆற்றின் கீழ்ப்பக்கம் 50 கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் அக்கம்பக்கத்தாரா என்று எனக்கு அன்று தோன்றவில்லை.

திருப்பூரைத் தேர்ந்தெடுத்தது என் வழிகாட்டிதான். அந்த ஆண்டு ஏப்ரல் 24ஆம் தேதி டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். உலகம் முழுக்க எங்கள் துறையினர் ஆயத்த ஆடைத் தொழிலை நோக்கித் திரும்பிய காலம். ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் காம்ப்ளையன்ஸ் அதிகாரி, அதாவது விதிகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று கவனிப்பவர், தன் பீரோவைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு பையருக்கும், அதாவது ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கும், ஒரு கோப்பு. ஒரே தீயணைப்பானை ஒருவர் தரையிலிருந்து ஓர் உயரத்தில் மாட்டச் சொல்வார், அடுத்தவர் இன்னோர் உயரத்தில். "ஆடிட்டுக்கு முந்தின நாள் ஏத்தி இறக்கிக்குவோம் மேடம்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, வேலை விவரமாகத்தான் சொன்னார். என் கேள்வித்தாளை வாங்கி அதே பீரோவில், ஒரு கோப்புக்கும் இன்னொன்றுக்கும் நடுவே செருகிக்கொண்டார்.

இந்த ஆடிட்டுகளின் லட்சணம் ஏற்கெனவே தெரிந்ததுதான். 2012 செப்டம்பரில் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆலை தீப்பிடித்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அந்த ஆலைக்குத் தொழிலாளர் நலனுக்கான எஸ்.ஏ. 8000 சான்றிதழ் கிடைத்திருந்தது. எம்.ஐ.டி.யில் இருந்த ரிச்சர்ட் லாக், நைக்கி நிறுவனம் 51 நாடுகளில் 800க்கும் மேற்பட்ட ஆலைகளில் நடத்திய தணிக்கைகளின் தரவையே வாங்கி ஆராய்ந்தார். வெறும் கண்காணிப்பால் தொழிலாளர் நிலைமை பெரிதாகத் திருந்திவிடவில்லை என்றது அவர் முடிவு. இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் நானும் போனேன். போய் என்ன செய்தேன்? இன்னொரு செக்லிஸ்டை நீட்டினேன்.

பனியன் தொழில் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் என் முட்டாள்தனம் இன்னும் நன்றாகப் புரியும். ஒரு டி-ஷர்ட் ஒரே கூரையின்கீழ் உருவாவதில்லை. நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, காஜா பட்டன் என்று ஒவ்வொன்றும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட். பையரின் ஆடிட்டர் பெரும்பாலும் பார்ப்பது பவர் டேபிள் ஓடுகிற தையல் கூடத்தை. அங்கே தரை பளபளக்கும், குடிநீர் இருக்கும். அழுக்கு இருந்தது அங்கே இல்லை, சாயத்தில்தான். பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் உப்பு வேண்டும். அடர்ந்த நிறமென்றால் ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ உப்புகூடச் செலவாகும். அந்த உப்பு துணியில் தங்காது. அத்தனையும் தண்ணீரோடு வெளியே போய்விடும்.

அந்தத் தண்ணீர் போன இடத்தைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். வழிகாட்டி சொல்லவில்லை, ஆய்வுத் திட்டத்திலும் இல்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் தாண்டிக் காவிரியில் சேர்கிற நொய்யலின் குறுக்கே, சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை இருக்கிறது. ஈரோடு, கரூர் பக்கத்துப் பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்தது. சில ஆண்டுகளிலேயே, தயவுசெய்து மதகைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்ச வேண்டிய நிலை வந்தது. அணையில் தேங்கியது சாயக்கழிவு.

கீழ்ப்பக்கத்தில் ஒரு தோட்டக்காரர், வயது எழுபது இருக்கும், என்னைத் திண்ணையில் உட்காரவைத்து ஒரு சொம்பில் கிணற்றுத் தண்ணீரும் இன்னொரு சொம்பில் குழாய்த் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும், பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டரைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து முதல் சொம்பில் முக்கிக் காட்டினார். ஆலைக் கழிவுநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்ற விதியை அவர் எனக்குப் பாடமாகச் சொன்னார். கிணற்றில் அதைவிடக் கூடுதலாக இருந்தது. "குடிச்சுப் பாருங்க கண்ணு" என்றார். நான் தயங்குவதைப் பார்த்து அவரே ஒரு வாய் குடித்துக் கொப்புளித்தார். என் பையிலிருந்து துருத்திக்கொண்டிருந்த கேள்வித்தாளைக் கேட்டு வாங்கிக் கடைசிவரை படித்தார். அத்தனை பட்டறைக்காரர்களில் ஒருவர்கூட 64 கேள்வியையும் படிக்கவில்லை. இவர் படித்தார். "இதுல நான் எங்க கண்ணு எழுதறது?" என்றார்.

எங்கேயும் எழுத முடியாது. என் ஆய்வின் மாதிரிச் சட்டகம், அதாவது யார் யாரைக் கேட்பது என்ற வரையறை, 'அனுமதி பெற்ற உற்பத்தி நிறுவனங்கள்'. எல்லை கம்பெனி கேட்டோடு முடிந்துவிட்டது.

ஆனால் திருப்பூரில் மாற்றம் வந்ததே அந்தக் கேட்டுக்கு வெளியே இருந்தவர்களால்தான். நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கம் வழக்குப் போட்டது. 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் கெடு விதித்தது. 2009இல் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கம் நின்றது. அப்புறமும் கழிவு நிற்கவில்லை என்று 2011 ஜனவரி 28 அன்று சாய, சலவைப் பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். 700க்கும் மேற்பட்ட பட்டறைகள். மின்சாரம் துண்டிக்கப்பட்டது. பனியன் துணி வெளியூருக்குச் சாயத்துக்குப் போனது, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள், சில பட்டறைகள் இரவோடிரவாக வேறு மாவட்டங்களில் முளைத்தன. ஒரு சொட்டும் வெளியே விடுவதில்லை என்ற ஏற்பாட்டைச் செய்து காட்டிய பிறகே மறுபடி திறக்க முடிந்தது. ஜீரோ டிஸ்சார்ஜ் என்று ஊரில் சொல்வார்கள். பையரின் நன்னடத்தை விதிக்கோ நிறுவனத் தலைவரின் மதிப்பீடுகளுக்கோ இதில் பெரிய பங்கு கிடையாது. அவற்றுக்கு நான் 31 கேள்விகள் ஒதுக்கியிருந்தேன். 'சட்ட அழுத்தம்' என்பதற்கு ஒரே ஒரு கேள்வி, 57ஆவது.

கதை இங்கே முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு பொறியாளர் என்னைப் பின்பக்கம் அழைத்துப்போனார். முன்பக்கம் எல்லாம் சரி: நுண்ணுயிரித் தொட்டி, ஆர்.ஓ., தெளிந்த தண்ணீர் குழாய் வழியே பட்டறைக்கே திரும்புகிறது. ஆர்.ஓ. ஒதுக்கித் தள்ளும் உப்புத் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். அதற்குப் பாய்லர் எரிகிறது, பாய்லருக்கு விறகு. லாரி லாரியாக விறகு வந்து குவிந்திருந்தது. ஆவியாக்கி எடுத்த உப்பில் ஒரு பகுதியைப் பிரித்து மறுபடி சாயத்துக்கே கொடுத்துவிடுகிறார்கள். பிரிக்க முடியாமல் எஞ்சுவது மிக்ஸட் சால்ட், கலவை உப்பு. யாருக்கும் வேண்டாத உப்பு. அதை மூட்டை கட்டி, மழை படாமல் கூரை போட்ட கொட்டகையில் அடுக்கியிருந்தார்கள். கூரைவரை. "ஆத்துக்குப் போறதில்லைங்க மேடம், அது நிச்சயம்" என்றார் பொறியாளர். "வேற எங்க போகும்?" என்று கேட்டேன். "அதத்தான் மேடம் நாங்களும் கேட்டுட்டு இருக்கோம்" என்றார்.

தண்ணீரில் பூஜ்யம். புகையில் பூஜ்யமில்லை. கொட்டகையில் மலை. இதற்கு எந்த மதிப்பெண் போடுவது? லாபம், மக்கள், பூமி என்று மூன்று கணக்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி 1994இல் 'டிரிபிள் பாட்டம் லைன்' என்ற தொடரை உருவாக்கியவர் ஜான் எல்கிங்டன். 2018இல், பழுதான காரைத் திரும்பப் பெறுவதுபோல, அந்தத் தொடரைத் தானே திரும்பப் பெறுவதாக அறிவித்தார். கணக்கு எழுதும் உத்தியாக மட்டும் அதைச் சுருக்கிவிட்டார்கள் என்பது அவர் வருத்தம். அதைப் படித்த அன்று எனக்கு அந்தக் கொட்டகைதான் ஞாபகம் வந்தது.

ஆய்வேட்டில் உப்புக் கொட்டகை பற்றி ஒன்பது பக்கம் எழுதியிருந்தேன். கட்டுரையாக இதழுக்கு அனுப்பியபோது, கோட்பாட்டுக்கு இதன் பங்களிப்பு என்ன என்று மதிப்பீட்டாளர் கேட்டார். இன்னொருவர், ஏன் இந்தியா என்று கேட்டார். அமெரிக்காவின் ஓஹையோவில் எடுத்த தரவோடு எழுதுகிறவரிடம் ஏன் ஓஹையோ என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. மூன்று சுற்றுத் திருத்தத்தில் ஒன்பது பக்கம் ஒரு பத்தியாகி, பத்தி ஓர் அடிக்குறிப்பாகி, அடிக்குறிப்பும் போனது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நானேதான் வெட்டினேன். எங்கள் கல்லூரியில் பதவி உயர்வுக்கு ஆஸ்திரேலிய வணிகப் பள்ளி முதல்வர்கள் வெளியிடும் தரவரிசையில் 'ஏ' பெற்ற இதழ் வேண்டும். கட்டுரை வந்தது, பதவி உயர்வும் வந்தது. அந்த அஞ்சுகள் எல்லாம் சேர்ந்து அதில் அழகான ஓர் அட்டவணையாக இருக்கின்றன. தோட்டக்காரர் அதைப் படிக்க விரும்பினால் ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும், சில ஆயிரம் ரூபாயும் கட்ட வேண்டும்.

இதே ஊரில் மானுடவியல் ஆய்வாளர்கள் வேறு மாதிரி வேலை செய்திருக்கிறார்கள். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கீர்ட் டி நெவ் பல ஆண்டுகள் இந்த வட்டாரத்துக்கு வந்து, பையர்களின் நன்னடத்தை விதிகள் உரிமையாளர்மீதும் தொழிலாளிமீதும் எப்படி இறங்குகின்றன என்று எழுதியிருக்கிறார். எங்களுக்கு அவ்வளவு பொறுமையும் இல்லை, அவ்வளவு விடுப்பும் இல்லை. இது சமாதானம்தான், தெரிகிறது.

இப்போது தரவுக்குப் பஞ்சமில்லை. பங்குச் சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்னும் வணிகப் பொறுப்பு அறிக்கை தரவேண்டும் என்று சந்தையின் ஒழுங்குமுறை அமைப்பான செபி விதித்திருக்கிறது. தண்ணீர், மின்சாரம், கழிவு எல்லாம் எண்களாக வருகின்றன. என் மாணவர்கள் ஊருக்குப் போகாமலே, ஏ.சி. அறையிலிருந்தபடி இறக்கிக்கொள்கிறார்கள். இது நல்லதுதான், எண் இல்லாத காலத்தைவிட மேல். ஆனால் ஜாப் ஒர்க் சாயப்பட்டறை எதுவும் அந்த ஆயிரத்தில் வராது.

போன மாதம் என் ஆய்வு மாணவி ஒருத்தி 40 கேள்வித்தாளோடு திருப்பூரிலிருந்து திரும்பினாள். கேள்வித்தாளை என்னுடையதிலிருந்துதான் எடுத்திருந்தாள், 'பங்குதாரர்' உட்பட. புரட்டிப் பார்த்தேன். பக்கம் பக்கமாக அஞ்சு. அவள் கையெழுத்து.

"டீ குடுத்தாங்களா?" என்று கேட்டேன்.

"எல்லா இடத்துலயும் மேடம்" என்றாள். எதற்குக் கேட்கிறேன் என்று புரியாமல் விழித்தாள்.

மறுபடி போ, ஃபாரம் எடுத்துப் போகாதே என்றேன். அப்படியானால் என்ன கேட்பது என்றாள். உப்பு எவ்வளவு வாங்குகிறார்கள், அது எங்கே போகிறது, இரண்டே கேள்வி. "இத எக்செல்ல எப்படி மேடம் போடறது?" என்றாள். எனக்குத் தெரியவில்லை, சேர்ந்து யோசிப்போம் என்று சொல்லிவிட்டு, பயணப்படி படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அலுவலகத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே ஊருக்கு இரண்டாம் முறை எதற்கு என்று ஒரு வரியில் விளக்கம் எழுதித் தர வேண்டுமாம்.